பதினைந்தாம் வசனம்

ஓர்லிகோன்
4 பெப்ரவரி 2024

தம்பி குலேந்திரனுக்கு,

ஸ்தோத்திரம் எழுதிக் கடிதத்தைத் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் எடுத்தேன். நான் வாய் திறந்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள், "அக்கா, கதைச்சால் சண்டைதான் வரும். சொல்ல வேண்டியதை எழுதுங்கோ, வாசிக்கிறன்" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

இன்றைக்கு நீ மிரியாமைப் பற்றிப் பிரசங்கித்தாய். மோசே ஓர் எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டியதால் அவனுடைய அக்கா அவனுக்கு விரோதமாகப் பேசியதையும், கர்த்தர் கோபங்கொண்டு அவளைக் குஷ்டரோகியாக்கியதையும் விளக்கினாய். பொறாமை முதலில் நாக்கில் வரும், பிறகு தோலில் தெரியும் என்றாய். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. என் மகள் ரிஷானி கீபோர்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். நான் பெற்ற பிள்ளை என்னால் வெட்கப்பட்டதை நான் பார்த்தேன்.

நீ எரித்திரியாக்காரியைக் கட்டியிருக்கிறாய். நான் உன் அக்கா. இதற்குமேல் நீ என் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை என்ன?

இந்தச் சபை என் வீட்டு வரவேற்பறையில் தொடங்கியது. அன்றிலிருந்து பாட்டு நடத்தியது நான். உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது நான். உன்னைப் போதகராக்க வேண்டும் என்று மூப்பர்களிடம் முதலில் சொன்னதும் நான்தான். போன மாதம் அதே மூப்பர்கள் வந்து, "கொஞ்ச நாளைக்கு நீங்கள் பாட்டு நடத்த வேண்டாம்" என்றபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கலியாணத்துக்கு முன்பு சனிக்கிழமைகளில் பேர்ணிலிருந்து ரயில் ஏறி வருவாய். என் சமையலறை மேசையில் இருந்து அடுத்த நாள் பிரசங்கத்தை வாசித்துக் காட்டுவாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பேன். இது நீளம், அதை எடு என்பேன். எடுப்பாய். இப்போது அவளுக்கு வாசிக்கிறாயாம். ரிஷானிதான் சொன்னாள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவளுக்கு உட்கார்ந்து தமிழ்ப் பிரசங்கம் வாசிக்கிறாய். அதில் அவள் எதைக் கேட்கிறாள்?

சிவகலா அக்கா


பேர்ண்
10 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இடைவேளையின்போது வாசித்தேன். உங்களைப் பற்றிப் பிரசங்கிக்கவில்லை என்று ஒரு பதில் எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உங்களைப் பற்றித்தான் பிரசங்கித்தேன். நேரில் சொல்லத் துணிவில்லாமல் பீடத்தில் ஏறி நின்று சொன்னேன். அங்கே நிற்பவனை யாரும் எதிர்த்துக் கதைப்பதில்லை.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் எழுத வேண்டும். கிறிஸ்மஸ் முடிந்து வந்த பெண்கள் ஜெபக்கூட்டத்தில், செலாமுக்கு எரித்திரியாவில் ஒரு புருசன் இருக்கிறான், அவளுடைய போனில் படம் பார்த்தேன் என்று சொன்னீர்கள். அடுத்த ஞாயிறுக்குள் அது சபை முழுவதும் போய்விட்டது. என்னிடம் கேட்கத் தயங்கியவர்கள் அவளிடமே கேட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஆராதனைக்கு வருவதில்லை. முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். சமைக்கும்போது பாடுவாள். இப்போது பாடுவதில்லை.

நீங்கள் அந்தப் படத்தைத் தவறாக விளங்கிக்கொண்டீர்கள் என்றே நம்ப விரும்புகிறேன். அதில் இருப்பவன் அவளுடைய தம்பி. லிபியாவிலிருந்து படகு ஏறியவன். இத்தாலிக்கு வந்து சேரவில்லை.

தமிழ் தெரியாதவள் எதைக் கேட்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் குரலைக் கேட்கிறாள். நான் நம்பாமல் வாசிக்கும் இடம் எதுவென்று எப்படியோ கண்டுபிடித்துக் கையை உயர்த்துவாள். பிறகு அந்த இடத்தை ஜெர்மனில் விளக்குவேன். மிரியாம் பிரசங்கத்தை மட்டும் அவளுக்கு நான் வாசிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் அவளுடைய பெயர் இல்லை, அக்கா. அவள் பெயர் செலாம். அவர்களுடைய மொழியில் சமாதானம் என்று அர்த்தம்.

தம்பி
குலேந்திரன்


ஓர்லிகோன்
18 பெப்ரவரி 2024

தம்பி,

பெயர் எனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்த பிறகு சபை முழுவதும் அந்தப் பெயரைத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தது. மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தன் மொழியில் ஒரு பாட்டுப் பாடினாள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் ரிஷானி சொன்னாள்: "அம்மா, செலாம் மாமி பாடேக்க எனக்கு மேல் சிலிர்த்தது." அவள் பிறந்த நாளிலிருந்து என் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள். என் பாட்டுக்குச் சிலிர்த்ததாக ஒரு நாளும் அவள் சொன்னதில்லை.

மிரியாமைப் பற்றி நீ பாதிக் கதைதான் சொன்னாய். மோசே குழந்தையாக நாணல் பெட்டியில் ஆற்றில் கிடந்தபோது, கரையில் நின்று காவல் காத்தது யார்? அரசகுமாரியிடம் ஓடிப்போய்த் துணிந்து கதைத்து, தாயையே பால் கொடுக்கக் கொண்டுவந்து விட்டது யார்? அந்தச் சின்னப் பெட்டை இல்லாவிட்டால் மோசேயும் இல்லை, செங்கடலும் இல்லை. அதைச் சொல்ல உனக்கு நேரம் கிடைக்கவில்லை. சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலில் நாம் வள்ளத்தில் தப்பி வந்ததும் உனக்கு ஞாபகம் இராது. உனக்கு ஒன்பது வயது. சுடுகிறார்கள் என்று எல்லாரும் குனிந்தபோது நான் உனக்கு மேலே படுத்திருந்தேன்.

கர்த்தர் மோசேயைக் கொண்டு மட்டும்தானா பேசினார் என்று மிரியாம் கேட்டாள். அந்தக் கேள்வியில் என்ன பிழை? அவள் தீர்க்கதரிசிதானே. இன்னொன்றும் கேட்கிறேன். மோசேயின் அண்ணன் ஆரோனும் அவளோடு சேர்ந்துதான் பேசினான். அவனுக்கு ஏன் குஷ்டம் வரவில்லை? அன்று ஜெபக்கூட்டத்தில் நான் சொன்னதைச் சுவையாகக் கேட்டு வீடு வீடாகக் கொண்டுபோன பெண்களின் புருசன்மார் இன்றைக்கும் மூப்பர்களாக இருக்கிறார்கள். பாட்டை விடச் சொன்னது என்னை மட்டும்.

படத்தைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

நாளைக்கு டாவோஸுக்குப் போகிறேன். தில்லைநாயகி அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருப்பேன். அத்தானும் ரிஷானியும் சமாளிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பின் வரிசையில் இருந்து என் பாட்டை மற்றவர்கள் பாடுவதைக் கேட்க என்னால் முடியாது.

அக்கா


பேர்ண்
24 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

ஆரோனைப் பற்றி நீங்கள் கேட்டது சரி. மூப்பர்களிடம் அதைக் கேட்கிறேன்.

கிளாலி எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் பாரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அசையாதே என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அக்கா, அன்று நான் அசையாமல் கிடந்ததால்தான் பிழைத்தேன். ஆனால் வள்ளம் கரை சேர்ந்து எவ்வளவோ காலம் போய்விட்டது. இப்போதும் நான் அசையக்கூடாது என்றால் எப்படி? காப்பாற்றியவருக்குக் காப்பாற்றப்பட்டவன் சொந்தமாகிவிடுகிறானா?

படத்தைப் பற்றி எழுதுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும்.

குலேந்திரன்


டாவோஸ்
2 மார்ச் 2024

தம்பி,

இங்கே பனி இன்னும் ஜன்னல் உயரத்துக்குக் கிடக்கிறது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஹோட்டலில் கோப்பை கழுவியபோது பக்கத்தில் நின்று கழுவியவர் தில்லைநாயகி அக்கா. சைவக்காரி. அவரிடம் சொன்னால் நம்முடைய சபைக்குப் போய்ச் சேராது என்ற துணிவில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளுடைய நிறம், மொழி, மேளம், அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வருவது, ஒன்றையும் விடவில்லை. அவர் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"இவ்வளவு நேரமும் நீ அந்தப் பெட்டையைத்தான் குறை சொன்னாய். ஆனா கண் கலங்கினது தம்பியின்ர பேர் வரேக்க மட்டும்தான்."

"அப்ப எனக்கு என்ன எண்டுறியள்?"

"எரிச்சல். வேற என்ன? அவன் உன்னை விட்டிட்டுத் தானாய் நிக்கிறான் எண்டு எரிச்சல். அவள் வராட்டியும் வேற ஆரிலயாவது நீ பிழை பிடிச்சிருப்பாய்."

எனக்குக் கோபம் வந்தது. வெளியே போய்ப் பனியில் நடந்தேன். கால் விறைக்கும்வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

நான் படத்தைத் தவறாக விளங்கிக்கொள்ளவில்லை. அது அவளுடைய தம்பி என்று எனக்குத் தெரியும். உங்கள் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போன அன்று அவளே படத்தைக் காட்டினாள். யாரோ சொந்தக்காரரின் கலியாண வீட்டில் அவளுடைய தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான். அவனுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கிறிஸ்மஸுக்குப் பிறகு நடந்த அந்த ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் கிறிஸ்மஸ் பாட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "இனிப் பாட்டைச் செலாமிட்டையே குடுக்கலாம், சிவகலா அக்காவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்." அன்பாகத்தான் சொன்னாள். என் வாய் திறந்தது. அந்தப் பொய் ஏற்கெனவே எங்கேயோ சமைத்து வைத்திருந்ததுபோல முழுசாக வெளியே வந்தது. சொன்னதும் எனக்கு வெட்கம் வரவில்லை. நிம்மதி வந்தது. எல்லாருடைய கண்ணும் திரும்ப என் பக்கம் வந்துவிட்டது.

செங்கடலைத் தாண்டியதும் மிரியாம் தம்புரு எடுத்துப் பாடினாள், பெண்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போனார்கள் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு வனாந்தரத்தில் ஜனங்கள் யாருடைய வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்? மோசேயுடைய வார்த்தைக்கு. ஒரு நாள் முழுவதும் பாடினவள் மிச்ச நாளெல்லாம் கூட்டத்தில் ஒருத்தியாக நடந்திருப்பாள். அவளை எனக்கு விளங்குகிறது. அது எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ கேட்டாய், எழுதிவிட்டேன். இனி நீ என்ன நினைத்தாலும் சரி.

அக்கா


பேர்ண்
16 மார்ச் 2024

அக்கா,

இவ்வளவு நாளும் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரு தம்பி எழுதக்கூடாததையெல்லாம் எழுதியிருப்பேன்.

பத்து நாளாக உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு செலாமைக் கூப்பிட்டு இருத்தி, வரி வரியாக ஜெர்மனில் சொன்னேன். படம் வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அவள் சொன்னாள், "எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆரம்பத்தில இருந்தே. நான்தானே அவவுக்குப் படத்தைக் காட்டினனான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் அக்காவை விட்டிருப்பியள். நான் ஒரு தம்பியை விட்டிட்டு இருக்கிறன். இன்னொரு அக்காவுக்கு அது வேண்டாம்."

அதன் பிறகு, தனக்கு வாசித்துக் காட்டாத அந்தப் பிரசங்கத்தை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். ஜெர்மனிலும் விளக்கிக் குஷ்டரோகத்தோடு முடித்தேன். அவள் கையை உயர்த்தினாள். எழும்பிப் போய்த் தன்னுடைய வேதாகமத்தை எடுத்து வந்து எண்ணாகமத்தில் மிரியாமின் அதிகாரத்தைத் திறந்து விரலால் தடவிக்கொண்டு போனாள். "ஏன் இதோட நிப்பாட்டினனீங்கள்? பதினஞ்சாம் வசனம் உங்கட வேதாகமத்தில இல்லையோ?"

இருக்கிறது. எங்கள் வேதாகமத்திலும் இருக்கிறது. மிரியாம் ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே விலக்கி வைக்கப்பட்டாள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்வரை ஜனங்கள் அந்த இடத்தை விட்டுப் புறப்படவில்லை. கானானுக்குப் போகிற முழுக் கூட்டமும், உடன்படிக்கைப் பெட்டியும், கூடாரமும், பிள்ளைகளும், ஆடு மாடுகளும், மற்றவர்களைப் பற்றிக் கதைத்துப் பிழைவிட்ட ஒரு பெண்ணுக்காக நின்றது. அதற்கு முன்னாலேயே, அவளைக் குணமாக்கும் என்று மோசே கெஞ்சியும் விட்டான். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நான் பிரசங்கித்தேன். சபைக்கு முன்னால் உங்களை வெளியே நிறுத்திவிட்டு இறங்கி வந்து தேநீர் குடித்தேன்.

"அப்ப நீ அக்காவை மன்னிச்சிட்டியோ?" என்று அவளிடம் கேட்டேன்.

"இல்லை. இன்னும் இல்லை. ஆனா சனங்கள் காத்திருந்தவை எண்டு வேதத்தில இருக்கு. அதை நான் எழுதேல்லை."

இரண்டு வருடம் தேடி எடுத்த புதிய மண்டபம் தயாராகிவிட்டது உங்களுக்குத் தெரியும். குருத்தோலை ஞாயிறன்று அங்கே போவதாக இருந்தது. நேற்று மூப்பர்களிடம், அக்கா வரும்வரை போக வேண்டாம் என்றேன். "ஒராளுக்காக முழுச் சபையுமோ?" என்றார்கள். ஓம் என்றேன். அன்று கதையைக் கொண்டுபோனவர்கள் யார் யார் என்றும் கேட்டேன். அதற்குப் பிறகு நாளைத் தள்ளி வைக்கச் சம்மதித்தார்கள்.

ஆனால் நீங்கள் வந்தவுடன் பாட்டைத் திருப்பித் தருவோம் என்று நினைக்க வேண்டாம். சொன்ன பொய்யைச் சொன்ன இடத்தில் நீங்களே எடுத்துப்போட வேண்டும். அதை உங்களுக்காக நான் செய்ய முடியாது.

குலேந்திரன்


ஓர்லிகோன்
6 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உள்ளதைச் சொல்கிறேன். உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அந்த வசனத்தையும் அவள்தானா கண்டுபிடிக்க வேண்டும் என்று. எத்தனை வருடமாக அந்த அதிகாரத்தை வாசிக்கிறேன். எனக்குக் குஷ்டம் மட்டும்தான் கண்ணில் பட்டது. மன்னிக்காதவள் என் பக்கம் வழக்காடியிருக்கிறாள். நன்றி பிறகுதான் வந்தது, மெதுவாக, எனக்கு விருப்பமில்லாமல்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை பேர்ணுக்குப் போனேன். நீ வேலையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். செலாம் கதவைத் திறந்து, வாங்கோ என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. வழி விட்டு நின்றாள். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்த உடைந்த ஜெர்மன் மட்டும்தான். தமிழ் என்றால் சுற்றி வளைத்து, சோதனை, பலவீனம், பிசாசின் தந்திரம் என்றெல்லாம் சொல்லி என் பங்கைக் குறைத்திருப்பேன். ஜெர்மனில் எனக்கு அவ்வளவு சொற்கள் இல்லை. நான் பொய் சொன்னேன். தெரிந்துகொண்டே சொன்னேன். எனக்கு உன்னில் பொறாமை, செலாம். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவள் போனை எடுத்துத் தம்பியின் படத்தைத் திறந்து எனக்கு முன்னால் வைத்தாள். பிறகு, "அவன்ர பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை, தம்பி. ஜெபிக்கச் சொன்ன அன்றே சொல்லியிருந்தாள். அந்தப் பெயரை வைத்து நான் ஒரு நாளும் ஜெபிக்கவில்லை. அதனால் மறந்துபோனது. பொய்யைவிட அதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"யோனாஸ்," என்றாள். "கூட்டத்தில சொல்லேக்க அந்தப் பெயரைச் சொல்லுங்கோ. ஆரோ ஒரு ஆம்பிளையின்ர படம் எண்டு சொல்லாதையுங்கோ."

தேநீர் தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. கதவடியில் சப்பாத்துப் போடும்போது, உன் தம்பிக்கு எத்தனை வயது என்று கேட்டேன். பத்தொன்பது என்றாள். படகில் ஏற்றிவிட அவளே காசு சேர்த்து அனுப்பினாளாம். ரயிலில் வரும்போது எனக்கு அழுகை நிற்கவில்லை. நான் கடலில் கொண்டுவந்த தம்பி கரை சேர்ந்தான், அவள் அனுப்பிய தம்பி சேரவில்லை. அவளைப் பார்த்தா நான் பொறாமைப்பட்டேன்?

நேற்று ஜெபக்கூட்டத்தில் சொன்னேன். படத்தில் இருப்பவன் செலாமின் தம்பி யோனாஸ், கடலில் காணாமல் போனவன், அது தெரிந்துகொண்டுதான் நான் புருசன் என்று சொன்னேன் என்றேன். ஒருத்தி, "பிசாசு உங்களை ஏமாத்திப்போட்டுது அக்கா" என்று நான் தப்ப ஒரு வழி காட்டினாள். "இல்லை, நான்தான்" என்றேன். இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். மிச்சப் பேரோடு முழங்காலில் நின்று யோனாஸ் என்று பெயர் சொல்லி, அவனுடைய வீட்டாருக்காக ஜெபித்தோம். ரிஷானி என்னைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வீட்டுப் படியில் ஏறும்போது என் பையை வாங்கிக்கொண்டாள்.

பொறாமை போய்விட்டது என்று சபையில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடாதே. அது இன்னும் இருக்கிறது. செலாம் திரும்பவும் பாடினால் எனக்குள் ஏதோ ஒன்று கடிக்கும். அதற்குத் தீனி போடாமல் இருக்கப் பார்ப்பேன். இப்போதைக்கு என்னால் வாக்குக் கொடுக்கக்கூடியது அது மட்டும்தான். மிரியாம் திரும்பி வந்த பிறகு எப்படி இருந்தாள் என்று வேதாகமத்தில் ஒன்றும் இல்லை. ஒருவேளை எழுதும்படியாக ஒன்றும் சொல்லாமல் சும்மா நடந்திருப்பாள்.

எனக்காக இனிக் காத்திருக்க வேண்டாம். நான் வந்துவிட்டேன். உண்மையில் வெளியே நிற்பது செலாம். அவளை வெளியே தள்ளியது நான். காத்திருப்பதென்றால் அவளுக்காகக் காத்திரு. அவள் வரும்வரை அந்த மண்டபத்தைத் திறக்காதே.

உன் அக்கா
சிவகலா


பேர்ண்
11 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வந்துபோனதை செலாம் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். அவளுக்கு ஜெர்மனில் சொல்லிக்கொண்டு வந்தேன். முழங்காலில் நின்று யோனாஸ் என்று ஜெபித்தோம் என்ற இடத்தில், அதை ஜெர்மனில் வேண்டாம், தமிழில் வாசியுங்கள் என்றாள். வாசித்தேன். இன்னொரு முறை என்றாள். அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த நாலு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள், "அக்கா எந்த வரிசையில இருப்பா?"

"இப்ப பின்வரிசையிலதான்."

"அப்ப நான் நடுவில இருக்கிறன். பக்கத்தில இல்லை. இப்ப பக்கத்தில இருக்க மாட்டன்."

ஏப்ரல் 21 ஞாயிறு காலை புதிய மண்டபத்தைத் திறக்கிறோம். அன்றைக்கு யார் பாட்டு நடத்துவது என்று மூப்பர்கள் கேட்டார்கள். ஒருவரும் நடத்த வேண்டாம், எல்லாரும் சேர்ந்து பாடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குப் பக்கத்தில் இருக்க அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. அதை நான் அவசரப்படுத்த மாட்டேன். நீங்களும் அவசரப்பட வேண்டாம். ஆனால் அந்த மண்டபத்துக்கு ஒரே ஒரு வாசல்தான், அக்கா. இரண்டு பேரும் அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். நான் அந்த இடத்தில் நிற்பேன்.

உங்கள் தம்பி
குலேந்திரன்